ஜீரோ பார்த்துக்குங்க

விஜயமங்கலத்துக்கு மேற்கே, பைபாஸ் வந்தபின்
லாரிகள் மறந்துபோன பழைய ரோட்டில்
பொங்கியண்ணன் பங்க்கைப் புதுப்பித்து நிறுத்தியிருக்கிறார்கள்.
நுழைவுக் கட்டணம் முப்பது. கேமராவுக்கு ஐம்பது.

துரு இருந்த இடமெல்லாம் மிளகாய்ப்பழச் சிவப்பு.
நிஜத்தில் அது இவ்வளவு சிவப்பாக இருந்ததில்லை,
ரோட்டுப் புழுதி அப்பி
எப்போதும் ஒரு செங்கல் நிறம்.
அதைச் சொல்லவில்லை.
மூத்த குடிமக்களுக்குச் சலுகை உண்டா என்று மட்டும் கேட்டேன்.
"இல்லீங் மேடம்" என்றாள் யுவஸ்ரீ,
பெருந்துறையில் பி.காம் இரண்டாமாண்டு,
சனி ஞாயிறு இங்கே கைடு.

"இது டீசல் கைப்பம்புங். கரண்டே வேண்டாம்.
இப்படி ஆட்டுனா மேல கண்ணாடிக் குடுவை ரொம்பும்,
அஞ்சு லிட்டர் ஆனதும் வண்டிக்கு எறக்கிக்கலாம்.
கண்ணால பாத்து வாங்கறது,
ஏமாத்தவே முடியாதுங்."
ஆட்டினாள்.
ரோஸ்மில்க் நிறத்தில் தண்ணீர் ஏறியது.
ஒரு குழந்தை கை தட்டியது.

கண்ணாடிப் பெட்டிக்குள் கடன் நோட்டு, விரித்த பக்கம்:
கவுந்தப்பாடி வெல்ல லாரி, நாற்பது.
சென்னிமலை போர்வை வேன், பதினைந்து.
கள்ளியங்காட்டு ராக்கியண்ணன், ஆயில் இன்ஜினுக்குப் பத்து,
மஞ்சள் விற்றதும் தருவதாக.
அதன்மேல் ஒரு குறுக்குக் கோடு.
தந்துவிட்டார்.

பக்கத்தில், வெல்வெட் துணியின்மேல்,
உள்ளங்கை அளவில் ஓர் ஈயக் கட்டி.
தேய்த்து மெருகேற்றியிருந்தார்கள்.
கீழே அட்டை:
"குடுவையின் அடிமூடிக்குள் கிடைத்தது.
பயன்பாடு தெரியவில்லை."

எனக்குத் தெரியும்.
முப்பத்து நான்கு வருடம் எடை அளவை ஆய்வாளர்.
ஈயம் உட்கார்ந்த இடத்தில் எண்ணெய் உட்காராது.
ஐந்து லிட்டருக்கு ஒரு டீ கிளாஸ்.
வெல்ல லாரிக்கு எட்டு.
ராக்கியண்ணனுக்கு இரண்டு.

பம்பின் இடுப்பில் முத்திரைக் கம்பி தொங்கியது.
வேலைக்காக அறுத்து,
முடிந்தபின் அழகுக்குத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள்.
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தேன்.
எண்பத்தாறு. இரண்டாம் காலாண்டு.
எண் முப்பத்தேழு.

முப்பத்தேழு நான்தான்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் மாதம், அக்கினி நட்சத்திரம்.
ஜீப் ஊத்துக்குளியில் நின்றுபோய் மறுபடி கிளம்பி,
அன்றைக்கு ஒன்பதாவது பங்க்.
பொங்கியண்ணன் சேர் போட்டு இளநீர் வெட்டினார்.
உதவியாளர் கேனைத் தூக்கிக்கொண்டு போனார்,
"சரியா இருக்குதுங்" என்று வந்தார்.
அளந்தாரா, நான் பார்க்கவில்லை.
வழுக்கையைச் சுரண்டிக்கொண்டே தலையாட்டினேன்.
கட்டியை எனக்கு முன்னே வைத்தார்களா, பின்னேயா?
தெரியாது.
தெரிந்துகொள்ளத்தான்
அடிமூடியைத் திறக்கச் சொல்கிறது விதி.

சுவரில் பொங்கியண்ணன், சந்தன மாலைக்குள்,
இன்னொரு இளநீர் வெட்டட்டுமா என்கிற முகத்தோடு.

வாசலில் பார்வையாளர் பதிவேடு.
எனக்கு முன்னால் ஒருவர் "சூப்பர்" என்றிருந்தார்.
இன்னொருவர் பாத்ரூம் தேவை என்றிருந்தார்.
நான் எழுதினேன்:
கட்டியின் பயன்பாடு, ஐந்து லிட்டருக்கு நூறு மில்லி.
முத்திரை எண் முப்பத்தேழு என்னுடையது.

யுவஸ்ரீ எட்டிப் பார்த்தாள்.
"கையெழுத்து முத்து முத்தா இருக்குதுங் மேடம்."
அடுத்த கூட்டத்துக்கு ஆட்டப் போனாள்.

பழக்கம் விடவில்லை, கோட்டைப் பார்த்தபடி நின்றேன்.
கட்டி எடுத்த குடுவை.
முழுசாக ஐந்து. சொட்டுக் குறையவில்லை.
அத்தனையும் தண்ணீர்.

திரும்பும் வழியில், பைபாஸ் பங்க்கில்,
ஸ்கூட்டர் மூடியைத் திறந்துகொண்டே பையன் சொன்னான்,
"ஜீரோ பார்த்துக்குங்க மேடம்."

பார்த்தேன்.
பின்னால் ஒருவர் ஹாரன் அடிக்கும்வரை
பார்த்துக்கொண்டே நின்றேன்.