இன்னும் பன்னிரண்டு நிமிடம்

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று
காக் ரொஸ்னா கேட்கிறார்:
"இந்த மாதிரி டிரையர் வாங்கலாமா?"
ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தால்
எப்போதோ சொல்லியிருப்பேன்.

பாகாவில் நவம்பர் என்பது
கொடியில் மூன்று நாளாய்த் தொங்கும் ஒரு ஜீன்ஸ்.
நான்காம் நாள் வெயில் வரும்,
கூடவே மில்லுப் புகையும்.
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையின் தோளில்
கரிப்பொடி வந்து உட்காரும்.
தட்டினால் கோடாகும்.
துடைத்தால் மேகமாகும்.

அதனால்தான் வாங்கினோம்.
மூவாயிரத்து எண்ணூறு வெள்ளி.
மாதம் நூற்றுப் பதினெட்டு, மூன்று வருடம்;
தவணைத் தாள் ஐஸ்பெட்டிக் கதவில்
காந்தத்தின் கீழ் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் தவநேசன்
செம்பனை மில்லில் பாய்லர்மேன்.
பதினேழு வருடமாய்
நெருப்பைத் தவிர எதையும் நம்பாதவர்.
முதல் நாள் கண்ணாடிக் கதவில் கை வைத்துப் பார்த்தார்.
"சூடே இல்லையே,
இது என்னத்தைக் காயவைக்கும்?"

புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன்:
உள்ளே எரிவது எதுவும் இல்லை.
ஏர்கோன் மாதிரிதான், ஆனால்
சூட்டை வெளியே துப்பாது.
அதே காற்று துணிக்குள் போகும்,
ஈரத்தை இறக்கி வைக்கும்,
விட்ட சூட்டையே எடுத்துக்கொண்டு
திரும்பப் போகும்.
சுவரில் ஓட்டை போட வேண்டாம்.

அவர் ஜன்னல் வழியே மில்லைப் பார்த்தார்.
புகைபோக்கி
அவர் அன்று கிளப்பிய சூட்டில் பாதியை
ஜெம்போல் வானத்தில் ஊற்றிக்கொண்டிருந்தது.
ஒன்றும் பேசவில்லை.

பில் நான் பயந்த அளவு ஏறவில்லை, காக்.
டோபிக் கடையில் ஒரு சுற்றுக்கு ஐந்து வெள்ளி;
அந்த கேஸ் சூட்டில்
என் இரண்டு ரவிக்கைகள்
பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கின.
இதில் யோகவதனியின் பினாஃபோர்
போட்டது போலவே வருகிறது.
ஒரு தொட்டி உண்டு, நிறைந்தால் சிணுங்கும்.
இழுத்தால் இரண்டு லிட்டர், தெளிந்த தண்ணீர்.
அதில் குழாய் எவ்வளவு, மழை எவ்வளவு,
அவர் வியர்வை எவ்வளவு என்று தெரியாது.
கார் போர்ச்சைக் கழுவுகிறேன்.

பஞ்சுதான் தொல்லை.
ஒவ்வொரு முறையும் வடிகட்டியில்
சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை.
துணிகள் இப்படித்தான்
கொஞ்சம் கொஞ்சமாய் நம்மை விட்டுப் போகின்றன போல.
கீழே இன்னொரு வலை,
அதற்கு மண்டியிட வேண்டும்.
பழுதானால் சிரம்பானிலிருந்து ஆள் வர வேண்டும்.
வெயிலில் காய்ந்த துண்டின் மொடமொடப்பு வராது.
அவர் சட்டையின் எண்ணெய் வாசம்
இந்த மெல்லிய சூட்டுக்கு அசைவதே இல்லை.

அப்புறம், மெதுவு.
மூன்று மணி நேரம்.
அதுகூடப் பரவாயில்லை, பொய் சொல்லும்.

போன செவ்வாய், விடியற்காலை நாலே முக்கால்.
அடுத்த ஷிப்டு ஆளுக்குக் காய்ச்சல்,
மில்லிலிருந்து போன்.
யூனிபோர்ம் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது.
இன்னும் பன்னிரண்டு நிமிடம் என்றது.
தேத்தண்ணி குடித்தார். பன்னிரண்டு.
காலுறை மாட்டினார். பன்னிரண்டு.
பூட்ஸ் கயிற்றைக் கட்டி நிமிர்ந்தார்.
பதினான்கு.

"பாய்லர் மீட்டர் இப்படிப் பொய் சொன்னா
ஆள் செத்துருவான்,"
என்று கதவைத் திறந்து
ஈரக் கால்சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு
மழையில் மோட்டாரை உதைத்தார்.

மத்தியானம் திரும்பி வந்ததும்:
"பாய்லர் பக்கத்துல நின்னேன்.
பத்தே நிமிஷம். பில்லும் இல்ல."

நான் சிரிக்கவில்லை.
அவர் போய் அதன் முன் குந்தி உட்கார்ந்தார்.
வடிகட்டியை இழுத்து, கிழியாமல்,
அடுப்புச் சாம்பலை அள்ளுகிறவரின் பொறுமையோடு
பஞ்சை உரித்தெடுத்தார்.
இப்போது அந்த வேலை அவருடையது.

வாங்குவது உங்கள் இஷ்டம், காக்.
கிழக்கே கறுத்துவிட்டது பாருங்கள்.
உங்கள் தெலக்கோங்கைக் கொடுங்கள்,
எண்ணெய் வாசம் ஒட்டாமல் தனியாகப் போடுகிறேன்.
மூன்று மணி நேரம் கழித்து வாருங்கள்.
பன்னிரண்டு நிமிடம் என்று காட்டினால்
உட்கார்ந்துவிடுங்கள்,
தேத்தண்ணி போடுகிறேன்.