பங்கேற்பாளர் ஏழு

நோக்க அறிக்கை ஆயிரம் சொல்லுக்குள் என்றார்கள்.
"சிறுவயது முதலே" என்று தொடங்கி, அழித்தேன்.
பிறகு உள்ளதை எழுதினேன்:
என் வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள்,
பதினொருவர் பேருந்தில் வருகிறார்கள்.
முதல் நிறுத்தத்துப் பையன்
(ப்ரேடன் என்று வைத்துக்கொள்வோம்)
ஆறு ஐம்பதுக்கு ஏறுகிறான்,
எட்டு இருபதுக்கு இறங்குகிறான்.
அந்தத் தொண்ணூறு நிமிடம்
எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது?

முதல் ஆண்டு மறுத்துவிட்டார்கள்.
"இவ்வாண்டு விண்ணப்பங்களின் தரம் மிக உயர்வாக இருந்தது."
இருபது வருடம் மதிப்பெண் அட்டை எழுதியவள் நான்,
இத்தனை நயமாக யாரையும் வீழ்த்தியதில்லை.

மறு ஆண்டு எடுத்துக்கொண்டார்கள்.
சனிக்கிழமைதோறும் ரெஜைனாவுக்கு,
போக இருநூறு, வர இருநூறு கிலோமீட்டர்.
சஸ்காட்செவனில் சாலை வளைவதே இல்லை,
ஸ்டியரிங்கில் மணிக்கட்டை வைத்துக்கொண்டு
கோட்பாடுகளை ஒப்பிக்கலாம்.
தகுதித் தேர்வுக்குப் படித்த குளிர்காலம்
கிளென் என்னிடம் பேசியது முழுக்க
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது:
சூப் இரண்டாம் தட்டில்.
உன் அம்மா கூப்பிட்டார்.
நாய் செத்துவிட்டது, எழுப்ப மனம் வரவில்லை.

நெறிமுறைக் குழு மூன்று முறை திருப்பி அனுப்பியது.
பங்கேற்பாளருக்கு ஏற்படக்கூடிய இடர்கள்?
மைனஸ் நாற்பது, என்று எழுதினேன்.
நகைச்சுவையைத் தவிர்க்கவும் என்றார்கள்.
நகைச்சுவை இல்லை அது.

ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி:
எந்த நேரத்திலும், காரணம் கூறாமல், விலகிக்கொள்ளலாம்.
ஒன்பது பேருக்கும் வாய்விட்டு வாசித்தேன்,
விமானப் பணிப்பெண்
மிதவைச் சட்டையைக் காட்டுவதுபோல.

ஏழாமவர் நான்கு மாலை பேசினார்.
ஓட்டுநரா, தாயா, பாதையோரக் கடைக்காரரா,
சொல்லமாட்டேன். ஊர் சிறியது.
ஆணா பெண்ணா என்பதையும்
"அவர்" என்ற சொல்லுக்குள் வைத்துப் பூட்டுகிறேன்.
அறுபத்திரண்டு பக்கம் வந்தது.
பேராசிரியர் டோரீன் மக்கேப்,
பாராட்டைக் கிள்ளிக் கொடுப்பவர்,
ஓரத்தில் பென்சிலால் எழுதினார்:
இதுதான் ஆய்வேடு.

மார்ச்சில் ஒருநாள்
பள்ளி வண்டி நிறுத்துமிடத்தில்
என்ஜினை அணைக்காமல் கண்ணாடியை இறக்கி
"நான் சொன்னதை எடுத்துடுங்க" என்றார்.
புகைபோக்கியிலிருந்து வெள்ளையாய்ப் புகை.
ஏன் என்ற சொல் என் பல் வரை வந்தது.
விழுங்கினேன்.
படிவத்தில் இருந்தது என் கையெழுத்து.

அன்றிரவு கோப்பை அழிக்கையில்
கணினி கேட்டது: உறுதியா?
அது கேட்கலாம்.

பத்து மாதம் பிடித்தது,
இல்லாத ஒன்றைச் சுற்றி மறுபடி எழுத.
நடுவில் இரண்டு முறை
விலகல் கடிதம் எழுதி வைத்தேன்,
ஒன்றில் தேதிகூடப் போட்டுவிட்டேன்.

வாய்மொழித் தேர்வில் நால்வர்.
ஹாலிஃபாக்ஸிலிருந்து திரையில் வந்தவர் கேட்டார்:
"நான்காம் அத்தியாயம் மெலிந்திருக்கிறதே?"
"ஆமாம்" என்றேன்.
அவர் காத்திருந்தார். நானும்.
"அங்கே ஒருவர் இருந்தார்.
போக உரிமை இருந்தது, போனார்.
மெலிந்தே இருக்கட்டும்."
டோரீன் தண்ணீர்க் குவளையை
ஒரு அங்குலம் நகர்த்தி வைத்தார்.

வெளியே நிற்கச் சொன்னார்கள்.
தாழ்வாரத்தில் யாரோ விட்டுச்சென்ற
ஒற்றைக் கையுறை.
இருபத்தாறு நிமிடம் அதையே பார்த்திருந்தேன்.
சிறு திருத்தங்களுடன் தேர்ச்சி.

அட்டவணையில் எண்களை வரிசைப்படுத்துங்கள்,
அது ஒரு திருத்தம்.
மற்றவை எல்லாம் செய்தேன்.
இதற்கு மட்டும் ஒரு பத்தி விளக்கம் எழுதி
அப்படியே விட்டேன்:
ஆறு.
எட்டு.
ஒன்பது.

திங்கள் காலை வாசலில் நின்றேன்.
ப்ரேடன் கடைசியாக இறங்கி,
"மிஸ், இன்னைக்கு நரி ஒண்ணு" என்றான்,
எந்தப் பக்கம் என்று கேட்பதற்குள்
ஓடிவிட்டான்.