நடுச்சந்து

துர்க்கு நகரில் மூன்றரைக்கே இருட்டு.
இல்போவின் ரெஜெக்ஸுக்கு அடியில்
லின்டர் இழுத்த சிவப்பு நெளிகோடு.

"பெரிய ஏ முதல் சின்ன இஸட் வரை,
எழுத்தெல்லாம் அடக்கம். இதில் என்ன குற்றம்?"
ஒற்றை வரியால் விதியின் வாயை அடைத்தான்.
சரியென்று பொத்தானை அழுத்தியவன் நான்.

பெரிய இஸட்டுக்கும் சின்ன ஏவுக்கும் நடுச்சந்தில்
ஆறு குறிகள் குந்தியிருந்ததை
இருவருமே எண்ணவில்லை:
பகர அடைப்பின் இரு கதவு, பின்சாய்கோடு,
கூரை, அடிக்கோடு, சாய்ந்த ஒரு மேற்கோள்.

வெள்ளிக்கிழமைக் கப்பலில்
அடிக்கோடு கூரை அடிக்கோடு என்றொரு பயணிக்கு
சன்னலோர அறை.
திருமதி அய்ராஸ் துறையில் நிற்கிறார்.
அவர் பெயரின் முதலெழுத்துக்குத்
தலையில் இரண்டு புள்ளி.

இல்போவின் வரியை அழித்தேன்.
நெளிகோடு திரும்பி வந்தது,
சொன்னேனே என்றுகூடச் சொல்லாமல்.