கசக்க முன்

முதல் விதைப்பு வைகாசியில். என்னுடைய பிழைதான்.
நீர்வேலிச் செம்மண் செருப்பையும் தாண்டிச் சுட்ட மதியம்.
பைக்கற்றின் பின்புறத்தில்
பனித்துளியோடு ஒரு சலாது இலை,
பக்கத்தில் மே என்று இருந்தது.
எந்த ஊரின் மே என்று
நான் கேட்கவில்லை.

ஒன்பது நாள் தண்ணீர் விட்டேன்.
எறும்புகள் வந்து
பொறுப்பாக
ஒவ்வொன்றாய்த் தூக்கிப் போயின.

சோளகம் எழும்பி
மதிலுக்கு அப்பால் வாழைகளை முறித்த நாட்களில்
இரண்டாம் தரம் போட்டேன்.
முளைத்தது, நாலைந்து.
கிணறும் ஆவணியில் உவர்க்கத் தொடங்கியிருந்தது.
இலை விரியவில்லை. தண்டு மட்டும்
கோபித்துக்கொண்டு எழும்பிப் போகிற பொடியன் போல
விறுவிறென்று உயர்ந்து
மஞ்சளாய்ப் பூத்தது.
கிள்ளினால் பால்.
நாக்கில் வைத்தேன்,
வேம்பு பரவாயில்லை.

மெல்கியோர் வாங்கிப் பார்த்தான்.
நல்லூர்ப் பக்கம் ஹோட்டலில் சமையல்.
"அக்கா, உதை பேர்கருக்குள்ள வைச்சா
சனம் காசைத் திருப்பிக் கேக்கும்."
அவனுக்கு நுவரெலியாவிலிருந்து இரவு லொறியில் வரும்.
வவுனியா தாண்டமுன் பாதி அழுகிவிடும்.
மிச்சப் பாதிக்குத்தான் விலை.
அந்த விலையைக் கேட்ட பிறகு
எனக்கு நித்திரை வரவில்லை.

பகலில் எனக்கு வேலை மருந்துக்கடையில்.
குளிர்பெட்டிக் கதவைத் திறந்து
இன்சுலின் எடுத்துக் கொடுக்கிற கை,
ஐப்பசியில் ஒரு நாள்
திறந்தபடியே நின்றது.

சூட்டில் இந்த விதை செத்துப்போவதில்லை.
கண்ணை இறுக மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஈரத் துணியில் சுற்றி
இன்சுலின் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன்.
மூன்றாம் நாள் கமலேந்திரன் முதலாளி கண்டுபிடித்தார்.
அவர் வாய் திறக்கமுன்
மருந்துக்கு நின்ற சின்னராசா மாஸ்டர் எட்டிப் பார்த்து,
"ஏன் பிள்ளை, அதுக்கும் சீனி வருத்தமோ?"
முதலாளி சிரித்துவிட்டார்.
என் வேலை தப்பியது.
துணியை விரித்தால்
ஒவ்வொரு விதைக்கும் ஒரு வெள்ளை நுனி,
நகக்கண் அளவுகூட இல்லை.

தட்டில் பரப்பி, மண்ணை மூடாமல் தூவி,
கூரைத் தாவாரத்துக்குள் வைத்தேன்.
வெளியே ஐப்பசி மழை
வெங்காயப் பாத்திகளையே கரைத்துக்கொண்டிருந்தது.
கார்த்திகையில் ஒரு வெளிப்பு வரும்.
தவளைகள் களைத்து நிறுத்தும் அந்தப் பின்னேரத்தில்
மேடு கட்டி நட்டேன்.
காலையில் நட்டவை நாலு;
அந்த நாலும் போயிற்று.

பிறகு வாடை வந்தது.
என்னிடம் ஒன்றும் கேட்காமல்
எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டது.
மார்கழியில் பெருமாள் கோயில் மணிக்கு எழும்பி
டோர்ச் அடித்துப் பார்த்தால்
இலைக்குள் இலை, அதற்குள் இலை,
நடுவில் ஒரு சொட்டு இருட்டு.

தைமாதம் வெட்டினேன், விடிய ஐந்துக்கு.
அந்த நேரத்து இலை
விரலுக்குள் கிறீச்சென்று கத்தும்.
ஏழு மணி வெயில் ஏறினால் ஊமை.
ஸ்கூட்டியின் முன்னால் ஈரச்சாக்கு,
இணுவில் வழியால் போனால் நிழல் கூட.
மெல்கியோர் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு இலையைப் பிய்த்து
நின்ற இடத்திலேயே தின்றான்,
பிறகு தராசைத் துடைத்தான்.

மாசிப் பனி மூசிப் பெய்யும் என்பார்கள்.
அதுவரைதான்.
பங்குனி முதல் கிழமையே
ஒவ்வொன்றாய்க் கழுத்தை நீட்டத் தொடங்கின.
பிடுங்கி ஆட்டுக்குப் போட்டேன்.
மூலைப் பாத்தியில் ஒன்று மட்டும்
சித்திரை வரை பொறுத்திருந்தது.
கடைசியாய்க் கோபித்த அதை
பூக்க விட்டேன்.

அதன் விதை ஒரு தேக்கரண்டிக்குக் காணாது.
கடையில் மாத்திரை போடும் கடதாசி உறைக்குள் இட்டேன்.
காலை, பகல், இரவு என்று அச்சடித்திருக்கும்.
மூன்றையும் வெட்டிவிட்டு
கார்த்திகை என்று எழுதினேன்.
கீழே இன்னொரு வரி,
சாப்பாட்டுக்கு முன், பின்.
அதை என்ன செய்வதென்று தெரியாமல்
பேனையோடு கொஞ்ச நேரம் நின்றேன்.
இன்சுலினுக்கு ஆள் வந்துவிட்டது.