பக்கத்துக் கட்டத்தின் சிவப்பு

சனிக்கிழமை பதினொரு மணி. டர்பன், விக்டோரியா தெரு.
தண்டேக்காவின் பணம் பாதி, என் பணம் பாதி,
ரப்பர் வளையம் போட்ட ஒரே கட்டு.
அவளுக்கு உம்லாஸியில் கல்யாணங்கள், எனக்குச் சாட்ஸ்வர்த்தில்.
கால் சென்டரில் அடுத்தடுத்த நாற்காலி எங்களுக்கு.
வாரக்கடைசிக்கு ஒரு தொழில் வேண்டியிருந்தது.

கடைக்காரர் சக்ரன் கோவெண்டர் முதலில் எடுத்துவைத்தது
பளபளவென்று சின்னதாய் ஒன்று.
"நாற்பத்தெட்டு மெகாபிக்சல்" என்றார்,
மகன் வாங்கிய மார்க்கைச் சொல்வதுபோல.
உள்ளே சென்சார் எவ்வளவு பெரிது?
சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார்.
தண்டேக்கா சிரித்துவிட்டாள்:
பதினைந்து பேர் டாக்ஸியில் நாற்பத்தெட்டு பேர்,
யார் மடியில் யார் என்று டிரைவருக்கே தெரியாது.
ஆளுக்குக் கிடைக்கிற வெளிச்சம் எவ்வளவு இருக்கும்?

இரண்டாவது பழையது. பிடி தேய்ந்தது.
சென்சார் தபால்தலை அளவு.
அறுபத்தோராயிரம் முறை கதவு திறந்து மூடியிருக்கிறது;
கணக்கை அதுவே உள்ளே எழுதிவைத்திருக்கிறது.
லென்ஸ் மூடியைக் கழற்றாமல் ஒரு படம் எடுத்தேன்.
எதையும் காட்டாமல் என்ன தெரிகிறது என்று கேட்பது
கண்ணுக்கு வைக்கிற கஷ்டமான பரீட்சை.
கறுப்பு. இடது கீழ் மூலையில் மட்டும்
ஒரு சிவப்புப் புள்ளி, ஊதுபத்தி முனைபோல.
"அதற்கு முந்நூறு ராண்ட் குறைக்கலாம்" என்றார் கோவெண்டர்.
"ஐந்நூறு" என்றாள் தண்டேக்கா.

நான் படித்துவைத்திருந்தது இவ்வளவுதான்:
சென்சாரில் லட்சலட்சமாய்க் கட்டங்கள்,
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நிறக் கண்ணாடி.
சிவப்புக் கட்டத்துக்குச் சிவப்பு மட்டும் தெரியும்,
நீலத்துக்கு நீலம். பச்சை இரட்டிப்பு.
வேறு நிறம் வந்து கதவைத் தட்டினால் திறக்காது.
இந்த ஊரையும் ஒருகாலத்தில் இப்படித்தான் வரைந்தார்கள்,
இது இன்னாருக்கு, அது இன்னாருக்கு,
நடுவில் ஆறு, நெடுஞ்சாலை.
யூனிட் மூன்றில் நான் பிறந்ததும்
எதிர்மேட்டில் அவள் பிறந்ததும் அந்த வரைபடத்தால்.
கேமரா அதோடு விடுவதில்லை.
ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தைக் கேட்கிறது:
உன்னிடம் சிவப்பு எவ்வளவு? எனக்கும் சொல்லு.
கேட்டுக் கேட்டுத்தான் ஒரு முகம் உண்டாகிறது.
எந்தப் படத்திலும் மூன்றில் இரண்டு பங்கு நிறம் கடன்.

"இரண்டு பேரும் சேர்ந்து நில்லுங்கள்" என்று
கோவெண்டர் எடுத்த படத்தில் தண்டேக்காவைக் காணோம்.
கம்மல் இருந்தது.
என் வெள்ளைச் சட்டையைப் பார்த்து மிரண்டுபோய்
எல்லாவற்றையும் இருட்டடித்துவிட்டது கேமரா.
ஆட்டோவில் விட்டால் அதற்கு
உலகத்தில் எல்லாமே நடுத்தரச் சாம்பல்.
ஒன்றரை ஸ்டாப் ஏற்றினேன்.
முகம் வந்தது, கன்னத்து மச்சம் உட்பட.
என் சட்டை வெளுத்து ஒன்றுமில்லாமல் போனது.
போகட்டும், சட்டைதானே.

அப்போது கரண்ட் போனது. அட்டவணைப்படி பன்னிரண்டு மணி.
தெருவில் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாய் இருமின.
கோவெண்டர் பெருமூச்சு விட்டார்.
நான் இரண்டு கேமராவிலும் ஐ.எஸ்.ஓ.வை
ஆறாயிரத்து நானூறுக்குத் தள்ளினேன்.
கதவிடுக்கில் ஒரு கீற்று, அவர் கைப்பேசியின் நீலம்,
வேறு வெளிச்சமில்லை.
சின்னதில் அவர் முகம் ரவை உப்புமா.
பழையதிலும் மணல் இருந்தது, சலித்தெடுத்த மணல்.
அதற்குப் பின்னால் அவர் கண்ணும்,
கடைக்கு இந்த மாத வாடகை கட்டாத கவலையும்
தெளிவாகவே தெரிந்தன.
ஐந்நூறை நானூறாக்கிக்கொண்டோம்.

பையில் வைக்கும்போது பேட்டரி பாதி.
யார் வீட்டுக்கு முதலில் என்று
பஸ் நிறுத்தம் வரை சண்டை.
அவள் கேமராவை எடுத்துக்கொண்டாள், நான் லென்ஸை.
திங்கட்கிழமை வரை
இரண்டும் எதற்கும் உதவாது.