குழு ஏழு

முன்பெல்லாம் பதினோரு தடவை அழுத்துவேன்.
தோட்டத்துக்கு ஒரு முறை,
ஒவ்வொரு முறையும் அதே தாளை நிமிர்த்தி, தட்டி,
மழை இரைச்சலோடு எடுக்கும் லைனில்
அந்தக் கீச்சுக்குரல் பிடிபடும்வரை காத்திருந்து.
சோற்றுப் பார்சல் மேசையிலேயே ஆறிப்போகும்.

கண்டியிலிருந்து ரிஸ்மி வந்து
மெஷினின் வயிற்றைத் திறந்து மூடிவிட்டு
"மிஸ், இனி ஒரே அழுத்தல்" என்றான்.
பதினோரு நம்பரையும் நான் வாசிக்க வாசிக்க
அவன் விரல் உள்ளே ஏற்றியது.
பொத்தானுக்குக் கீழே சிவப்புப் பேனையால் எழுதினான்:
குழு ஏழு.
ஏன் ஏழு என்று கேட்டேன்.
ஒன்று முதல் ஆறு வரை பழைய கம்பனி ஆட்கள்
இன்னும் உள்ளே இருக்கிறார்களாம்,
அழிக்க பாஸ்வேர்ட் இல்லையாம்.

இன்று வியாழன்.
ஜயமான்ன சேரின் கையெழுத்துக் காயாமல் வந்த கடிதம்.
ஐந்து வரிதான்.
நாளை முதல் பதினாறு கிலோ போதாது,
பதினெட்டு.
குறைந்தால் அரைப்பேர்.

தாளைக் கவிழ்த்து வைத்தேன்.
எழுத்து தரையைப் பார்த்தால்தான் மெஷின் படிக்கும்.
குழு ஏழு. பிறகு பச்சை.
ஒரே தடவை படித்து, மனப்பாடம் செய்துகொண்டு
தாளைத் துப்பிவிட்டது.
போனதும் அந்தக் கடிதம்,
போகாமல் என் கையில் சூடாக இருப்பதும் அதே கடிதம்.
இந்தக் கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அதுபாட்டுக்குக் கதவு கதவாகத் தட்டியது.
நான் ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஊதுவதைக் கேட்டபடி
பிளேன்டீ குடித்தேன்.
அங்கங்கே வழுவழுத் தாள் சுருண்டு விழுந்திருக்கும்.
பெரிய கிளாக்கர்மார் கிழித்தெடுத்து
விடியப் பிரட்டுக்களத்தில் வாசிக்க
இப்போதே தொண்டையைச் செருமியிருப்பார்கள்.

மூன்றே முக்காலுக்கு அறிக்கை வந்தது.
ஓகே, ஓகே, ஓகே என்று வரிசையாக.
ஒன்பதாவது வரியில் மட்டும்: பிஸி.
மூன்று முறை முயன்றேன் என்கிறது,
மனிதர் மாதிரி.

ஒன்பது எதுவென்று பார்க்கத் தேவையில்லை.
மூங்கிலாறு மேல்கணக்கு.
அந்தோனிமுத்து கிளாக்கர் மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள்;
ஃபெக்ஸுக்கும் பேச்சுக்கும் அங்கே ஒரே லைன்.
நகை, மண்டபம், வத்தளை மாப்பிள்ளை வீட்டார்.
நேற்றும் எனக்குக் கிடைக்கவில்லை.

என் சின்னம்மா மகள் தவமலர்
அங்கேதான், அஞ்சாம் நம்பர் மலையில்.
பதினாறரைக்கு மேல் ஒரு நாளும் அவள் தராசு ஏறியதில்லை.

திரும்ப அனுப்ப ஒரு பொத்தான் போதும்.
விரலும் அதன்மேல்தான் இருந்தது.
நாலு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதும் பொய்யில்லை.
அதை விட்டால் ஆறரை.
குடையும் கொண்டுவரவில்லை.

அறிக்கையைத் துளையிட்டு ஃபைலில் கோத்தேன்.
ஒன்பதாவது வரி யார் பார்த்தாலும் தெளிவாகத் தெரியும்.
மெஷினை அணைத்தால்
குழுக்கள் இருக்கும், அனுப்பாதது போய்விடும்
என்று ரிஸ்மி சொன்னது ஞாபகம் வந்தது.

ஞாபகம் வந்த பிறகுதான் அணைத்தேன்.

நாளை வெள்ளி.
மேல்கணக்கில் மட்டும் பதினாறுக்கு முழுப்பேர்,
யாராவது கேட்கும்வரை.
கேட்டால் லைன் பிஸி என்பேன்.
பிஸியாகத்தான் இருந்தது.