எதிர்க்கரைத் தகடு

நவம்பர் இருபத்தைந்தோடு
எங்கள் ஃபியோர்டில் சூரியன் கணக்கு முடிகிறது.
மறுபடி ஜனவரி பத்தொன்பதுதான்,
அதுவும் மேகம் வழிவிட்டால்.
ஆகவே சூரியப் பலகை வேண்டாம் என்றேன்.
பேட்டரி உறையும், அதுவும் வேண்டாம்.
பாறைமேல் கம்பி இழுக்க நகராட்சியிடம் காசில்லை.
மிச்சம் இருந்தது
ஒன்றுமே செய்யாத ஒரு பொருள்.

நாலு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம்,
வெறும் அலுமினியம்.
கோபுரம் முனைக்கு அந்தப் பக்கம்.
பதினோரு வீடுகள் இந்தப் பக்கம், தென்மலையின் காலடியில்.
ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.
எதிர்க்கரைப் பாறையில் ஏறி நின்றால்
இரண்டும் தெரியும்.
தகட்டின் வேலை அங்கே நிற்பது,
நின்று
முகத்தைச் சரியாக வைத்துக்கொள்வது.

மீன் கூட்டுறவுக் கொட்டகையில் கையெழுத்து வாங்கினோம்.
பத்து வீடு போட்டது.
ஆர்ன்லியோத் போடவில்லை.
"விளம்பரப் பலகையா? யாருக்கு, கடற்கழுகுக்கா?"
காபியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் போனார்.

செப்டம்பரில், சால்மன் பண்ணைக்காரர்கள்
ஹெலிகாப்டரை ஒரு மணி நேரம் இரவல் தந்தார்கள்.
எய்லிஃப் பாறையைத் துளைத்தான்.
நான் ஸ்பானரோடு தகட்டின் பின்னால் மல்லாந்து கிடந்தேன்.
கீழே சமையலறை ஜன்னலில் ராங்ஃப்ரித்,
கையில் படகு வானொலி.

"மைனஸ் தொண்ணூற்றாறு."
கால் சுற்று திருப்பினேன்.
"தொண்ணூற்றொன்பது. கெடுத்துவிட்டாய்."
இங்கே மயிரிழை அசைந்தால்
அங்கே ஒரு வீடு தள்ளிப் போகிறது.
வந்த கோணத்தில்தான் போவேன் என்று
அடம்பிடிக்கிற விருந்தாளி இந்த அலை.
வந்ததில் பெரும்பகுதி வழியிலேயே கரைந்துபோகும்,
கரைந்தது போக மிஞ்சியதுதான் எங்கள் பங்கு.
"எண்பத்தெட்டு."
"எண்பத்தொன்று."
பிறகு சத்தமே இல்லை.

கத்தினோம். மாறி மாறிக் கத்தினோம்.
எய்லிஃப் இறங்கிப் போய்ப் பார்க்கவே கிளம்பிவிட்டான்.
கடைசியில் அவள் குரல், எரிச்சலோடு:
"சும்மா இருங்களேன்.
நாலு வருஷத்துப் புதுப்பிப்பு எல்லாம்
இப்போதுதான் இறங்குகிறது."

இருட்டு வந்தது.
தகட்டில் உப்பும் பனியும் தடித்தன.
தடித்த நாளில் எண் சரிந்தது,
முறைவைத்துத் துடைப்பத்தோடு ஏறினோம்.
மற்ற நாளில் அதை மறந்தோம்.
வேலை செய்கிற பொருளை யார் நினைக்கிறார்கள்?
பற்றவைக்க விளக்கில்லை, திட்டுவதற்குக் கூட
ஒரு பொத்தான் இல்லை அதில்.

ஜனவரி பத்தொன்பது, நண்பகலை ஒட்டி,
தென்மலை விளிம்புக்கு மேல்
ஆரஞ்சுத் தோல் அளவு சூரியன்.
எங்கள் வீடுகளுக்கு அல்ல.
எதிர்க்கரை உச்சிக்கு மட்டும்.

அப்போது தகடு திரும்பிப் பார்த்தது.
இல்லை, அது திரும்பவில்லை,
நான் முடுக்கிய அதே கோணத்தில்தான் இருந்தது.
சூரியன் கோபுரத்தின் இடத்தில் நிற்கவில்லை,
அதனால் ஒளி
ராங்ஃப்ரித்தின் ஜன்னலுக்குப் போகவில்லை.
நேராகப் போய்
ஆர்ன்லியோத்தின் படகுக் கொட்டகைமேல் விழுந்தது.

தகடு செவ்வகம்.
விழுந்த வெளிச்சம் வட்டம்,
வெளிறிய மஞ்சள், ஓரம் கலங்கியது.
சிவப்புப் பலகைமேல் மெல்ல ஊர்ந்து
கதவைத் தாண்டி
வலை மூட்டையைத் தாண்டி
அவர்மேல் ஏறியது.
கையில் தூண்டில் கயிறோடு நின்றிருந்தார்.
கண்ணைச் சுருக்கினாரே தவிர விலகவில்லை.
ஒளிதான் விலகியது.
மொத்தம் மூன்று நிமிடம் இருக்கலாம்.

சாயங்காலம் படகு வானொலியில் கூப்பிட்டார்.
கோடையிலிருந்து என்னோடு பேசாதவர்.
"நாளைக்கும் வருமா அது?"
மேகம் இல்லையென்றால் வரும் என்றேன்.
ஆனால் இடம் மாறும்,
சூரியன் நாளுக்கு நாள் உயர்கிறதல்லவா,
அநேகமாக உங்கள் மீன் உலர்த்தும் கம்பத்துப் பக்கம்.

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.

"சரி" என்றார்,
"நாற்காலியை அங்கே போட்டுக்கொள்கிறேன்."